கோதண்டம் தின்ற குதிரை

டிரில் மாஸ்டர் கோதண்டம் இறந்துபோனார் என்று பியூன் வந்து சொன்னபோது, ஆசிரியர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். "யாரு, குதிரை தின்னவனா?" என்றார் பூகோள ஆசிரியர். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மயிலாப்பூரில் அவரிடம் டிரில் கற்றவர்களுக்கு அவருடைய விறைத்த முழங்கால் நினைவிருக்கும். முதல் உலக யுத்தத்தில், வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு போன மெசபொடேமியாவில் குண்டு பாய்ந்த கால் அது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தேசபக்தர்கள் அவரை வெள்ளைக்காரனின் கூலி என்றார்கள். அதே ஆட்கள் தங்கள் பிள்ளைகளுக்கு உத்தியோகம் கேட்டு வெள்ளைக்காரனிடம் நடையாய் நடந்ததையும் பார்த்தேன். கோதண்டம் சண்டைக்கு நிற்கவில்லை. "பசின்னுதான் சார் பட்டாளத்துக்குப் போனேன். அங்கயும் பசிதான்" என்பார்.

அந்தப் பசியை ஒரு நாள் எங்களிடம் விவரித்தார். ஓர் ஆற்றங்கரை ஊரில் அவருடைய படையை எதிரிகள் மாதக்கணக்கில் வளைத்துக்கொண்டார்கள். தானியம் தீர்ந்ததும் குதிரைகளை வெட்டினார்கள். முதலில் மாட்டேன் என்றவர், பக்கத்தில் படுத்திருந்தவன் பட்டினியில் செத்த பிறகு தின்றார். "குதிரைக்குக்கூட ஒரு பேரு இருந்துச்சு சார். எனக்கு வெறும் நம்பரு" என்றார். பூகோள ஆசிரியர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

அவருடைய ஒரே மகள் ராஜம்மாள். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்குத் தியாகராய நகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. குதிரைக் கதை அவர்கள் காதுக்குப் போய்விட்டது என்று முந்தின நாளே தெரிந்தது. கொண்டுபோனவர் யார் என்றும் எனக்குத் தெரியும். அவர் இதைப் படிப்பார். "இல்லைன்னு ஒரே வார்த்தை சொல்லிடுங்க" என்று கோதண்டத்திடம் சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன். அந்த மனிதர்கள் உண்மைக்குத் தகுதியானவர்கள் அல்ல.

இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார், கிளப்பில் துரைமாரோடு பிராந்தி குடிக்கிறவர், சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா சம்பந்தி, பட்டாளத்துல குதிரை துன்னீங்களாமே? ஊர்ல சொல்லிக்கினு கீறாங்க."

"துன்னேன் சம்பந்தி. துன்னதாலதான் இந்தப் பொண்ணு பொறந்துச்சு."

அத்தனை பேரும் எழுந்தார்கள். ஒரு பருக்கைகூட வாயில் வைக்காத ஒருவர், வாசலில் போய் வாய் கொப்பளித்தார்.

கோதண்டம் காலிப் பந்தியைப் பார்த்தபடி நின்றார். உள்ளே இருந்த ராஜம்மாள் பட்டுப் புடவையோடு வந்து முதல் இலையில் உட்கார்ந்தாள். "நீயும் குந்து நைனா. பசிக்குது" என்றாள். அவள் பக்கத்து இலையில் காலை நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

பிறகு அவளுக்கு வேறு வரன் வரவில்லை. தெருவார் யாரும் அந்த வீட்டில் கை நனைக்கவும் இல்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டமாம். பூகோள ஆசிரியர் தலைமை. மாவீரர் என்று பேசுவார்கள், கைதட்டுவார்கள். அவர்களில் ஒருவரும் கருமாதிக்குச் சாப்பிட வரமாட்டார்கள். நான் கூட்டத்துக்குப் போகவில்லை; கருமாதிக்குப் போவேன். கோதண்டத்தால் எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்: இந்த மயிலாப்பூரில் நான் அருவருப்பில்லாமல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒரு வீடு.