வானம் தெரியவேண்டிய கூரை

சில கிழமைகளுக்கு முன்பு, பாலர் பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்கு மழைக்காற்சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. மிரியம் அன்று காலை இறந்துவிட்டதாக அவருடைய மகன் சொன்னார். தன் அழுகை அடங்கியதும், கூரை போட்ட தமிழ் ஆட்களுக்கும் அறிவித்துவிடச் சொன்னார். இங்கே டென்மார்க்கில், இஷொய் ஊரில் மிரியத்தை அறிந்த உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

நானும் அவரும் ஒரே பாலர் பாடசாலையில் வேலை செய்தோம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் இருந்தும் ஊழியர் கூட்டத்தில் வாய் திறக்கப் பயம். மிரியம் என்னை ஒருநாளும் பேசச் சொன்னதில்லை. என் பக்கம் திரும்பிச் சற்றுக் கூடுதலாகவே பேசாமல் இருப்பார். அந்த இடைவெளியில் நானே பேசிவிடுவேன். சின்னப் பிள்ளைகளிடமும் அவருக்கு அதே வழிதான். "குழந்தை கேட்கும்வரை சொல்லாதே. கேட்டபின் நிறுத்தாதே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் யூதக் குடும்பங்கள் சில கூடும். நகரத்துத் தொழுகைக்கூடம் தூரம் என்பதால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் பண்டிகைகளைப் பழக்க மிரியம் தொடங்கியது அது. ஆனால் பிள்ளைகள் தாய்மாரின் மடியைவிட்டு இறங்குவதில்லை. பெற்றோர் மரியாதைக்குக் கேட்டிருந்து, பிஸ்கட் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். பல வருடங்களுக்கு முன் ஓர் இலையுதிர்காலத்தில் இரண்டு குடும்பங்கள் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டன. சுக்கோட் என்ற பண்டிகைக்குத் தோட்டத்தில் போடும் குடிலும் பிள்ளைகளை இழுக்காவிட்டால் இதோடு நிறுத்திவிடுவதாக மிரியம் என்னிடம் சொன்னார். அவர் தோளைக் குலுக்கியபடி சொன்னாலும் அன்று மதியம் சாப்பிடவில்லை.

எங்கள் ஆட்கள் குடும்பத்தை அழைப்பிக்கப் போட்ட விண்ணப்பங்கள் அமைச்சில் கிடந்து தூங்கிய காலம் அது. மனைவி, பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் விட்டுவந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பெரிய பாரம். மிரியத்தின் தோட்டத்தில் குடில் கட்ட ஆள் வேண்டும் என்று நான் சொன்னதும் செல்வம் அண்ணை மூன்று பேரோடு வந்தார். மிரியம் மரச்சட்டத்தையும் நாணல் கட்டுகளையும் காட்டிவிட்டுக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கூரை முடிந்திருந்தது. ஊரில் தென்னோலைக் கிடுகு வேய்வதுபோல வரிசை வரிசையாக இறுக்கிக் கட்டியிருந்தார்கள். செல்வம் அண்ணை ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றியும் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை.

மிரியம் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார். இவ்வளவு நல்ல கூரையின் கீழ் தான் ஒருநாளும் நின்றதில்லை என்றும், ஆனால் இந்தக் குடிலுக்கு வானம் தெரியவேண்டும், மழை பெய்தால் நனையவும் வேண்டும் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

செல்வம் அண்ணைக்கு முகம் சுருங்கிப்போனது. "ஒழுகிற கூரை போட எங்களை ஏன், தங்கச்சி, இவ கூப்பிட்டவ? டேனிஷ்காரரே அதைச் செய்வினமே" என்றார்.

பிரித்துக் கட்ட நேரமில்லை. குடிலை அலங்கரிக்கக் குடும்பங்கள் வந்து இறங்கிவிட்டன. மிரியம் ஒரு விளக்கமும் சொல்லாமல், முன்னால் நின்ற தகப்பனிடம் பிள்ளையைத் தோளில் ஏற்றச் சொன்னார். பிள்ளையிடம், "ஒரு நாணலை இழு" என்றார். அது இழுத்தது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அவ்வளவுதான், எல்லாப் பிள்ளைகளும் தோளில் ஏற அடம்பிடித்தன. தாயின் மேலங்கியை விடாத நாலு வயது லேயாவும் ஏறினாள். இழுத்துக்கொண்டே கேட்டாள்: "நல்ல கூரையை ஏன் உடைக்கிறோம்?"

அந்தக் கேள்விக்காக மிரியம் எத்தனை ஞாயிறு காத்திருந்தாரோ! முன்னொரு காலத்தில் தங்கள் முன்னோர் வீடில்லாமல் வழியிலேயே வாழ்ந்ததையும், அதை மறவாதிருக்க வானத்தின் கீழ் ஒரு கிழமை முழுவதும் சாப்பிடுவதையும், அந்தக் குடிலுக்கு விருந்தாளிகளை அழைக்கும் வழக்கத்தையும் சொன்னார். பெரியவர்களும் கிட்ட வந்து நின்று கேட்டார்கள்.

லேயா செல்வம் அண்ணையைக் காட்டி, அவருக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டாள். அவர் தனக்குத் தெரிந்த டேனிஷில், வீடு இருக்கிறது, மனைவியும் மகளும்தான் இன்னும் வந்துசேரவில்லை என்றார். அவள் இறங்கிப் போய் இரண்டு கதிரைகளை இழுத்து வந்து மேசையருகே போட்டாள். மற்றப் பிள்ளைகள் அவற்றுக்கு எதிரே ஆப்பிள்களை அடுக்கத் தொடங்கின. செல்வம் அண்ணை சுத்தியலை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் மறுபக்கம் போய்விட்டார்.

மடியிலிருந்து இறங்கிய பிள்ளைகள் பிறகு மடியில் ஏறவில்லை. விலகிய இரண்டு குடும்பங்களும் திரும்பி வந்தன. மறுவருடம் செல்வம் அண்ணையின் மனைவியும் மகளும் அதே குடிலில் இருந்து சாப்பிட்டார்கள். அந்த ஞாயிற்றுக் கூட்டத்துக்கு அதன்பின் மிரியத்தின் வீடு போதவில்லை. பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். நம் ஆட்கள் வருடாவருடம் கூரையை இறுக்கி வேய்வதும், சின்னவர்கள் அதைத் திறப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டது. வேறெந்த யூதக் குடிலிலும் இப்படி இல்லையாம். மிரியம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

இந்த வருடம் அவர் இல்லாமலும் குடில் எழுந்தது. சின்னவர்களை ஏணியடிக்குக் கூட்டிப்போனவள், அன்று நாலு வயதாயிருந்த லேயா.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, பேசாமல் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம். போன கிழமை நான் நடத்தும் தமிழ் வகுப்பில் சரஸ்வதி பூசை. பிள்ளைகளின் புத்தகங்களைப் படத்தின் முன் அடுக்கினேன். இன்று ஒருவரும் படிக்கக்கூடாது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் டேனிஷில், "ஏன்?" என்றான்.

அன்று வகுப்பு முடிய வெகுநேரமாயிற்று.