பின்கட்டு வீராயி

பிறந்த மூன்றாம் மாதமே வந்த மஞ்சள் காமாலையை வீராயி ஜெயித்தாள். குடித்துவிட்டு வந்து கதவை உதைத்த புருஷனை, ஊர்ப் பஞ்சாயத்தில் அத்தனை பேரும் அவன் பக்கம் பேசியபோதும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, விட்டுவிட்டு வந்து ஜெயித்தாள். அந்தக் குழந்தையை, இளவேனிலை, நர்ஸ் படிப்பில் சேர்த்து ஹாஸ்டலுக்கு அனுப்பினாள். தில்லைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில், பெரிய மெஷினைப் பொம்பளைங்க தொடக்கூடாது என்று சொன்ன சூப்பர்வைசரே கடைசியில் அவளைக் கூப்பிட்டு அதைப் போடச் சொன்னார். இவை எல்லாம் அவளுடைய அண்ணன் ரத்தினவேலுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஆனால் ஸ்ரீரங்கத்தில், ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல், தான் குடியிருந்த பின்கட்டை அவள் மீட்ட கதையை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் வாயடைத்துப் போகிறது.

ரத்தினவேல் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். வீடு காட்டூரில். ஒரு நூல் பிசகினாலும் இரும்பைத் தூக்கித் தனியே வைத்துவிடுகிற ஆள். துவாக்குடிக்கு உள்ளே தள்ளியிருந்த ஊரில் அவர் எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனார். வீராயி ஆடு மேய்க்கப் போனாள். அப்படித்தான் அந்த வீட்டில் அமைந்தது.

ஸ்ரீரங்கத்தில் கிழக்குச் சித்திரை வீதியில் அவளுக்கு வீடு கிடைத்தது சுப்ரஜாவால். சுப்ரஜா அதே ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவில் இருந்த பெண். வீட்டுக்காரர் வேதாந்தம் அவளுடைய அப்பாவுக்குச் சிநேகிதர். முன்கட்டில் வேதாந்தமும் அவர் மனைவி ரங்கம்மாவும் இருந்தார்கள். பின்கட்டில் ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் கொல்லை. தனியாக இருக்கப் பயந்து சுப்ரஜா வீராயியையும் சேர்த்துக்கொண்டாள். கறி மீன் கூடாது என்றார்கள். வீராயி சரி என்றாள். ஒப்பந்தம் எழுதலாமா என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று வேதாந்தம் சொன்னதாகக் கேள்வி.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசித் திருவிழா தொடங்கியதும், பகல் பத்தின் முதல் நாள், குடித்தனக்காரர்கள் சாமான்களை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, சாவியைப் பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். வெளியூரிலிருந்து சேவிக்க வருகிறவர்கள் அந்த அறையில் தங்குவார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, இராப்பத்து முடிந்ததும், தட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தெருவில் வேறு சில வீடுகளிலும் அப்படித்தான். வீராயி வருஷா வருஷம் அந்த நாட்களுக்குக் காட்டூரில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவாள். பெருமாளுக்கு விட்டுக்கொடுத்த மாதிரி என்று சிரிப்பாள்.

போன திருவிழாவுக்கும் அப்படியே சாவியைத் தட்டில் வைத்துவிட்டு வந்தாள். திரும்பிப் போனபோது தட்டில் சாவி இல்லை. பின்கட்டில் புதுப் பூட்டு தொங்கியது. அவளுடைய பெட்டி, பாய், பாத்திரம் எல்லாம் கொல்லைக் கொட்டகையில் விறகோடு கிடந்தன. அன்று சாமான் தூக்கக் கூடப் போயிருந்த ரத்தினவேல் இதைக் கண்ணால் பார்த்தார்.

"சுப்ரஜாவுக்குச் சென்னையில வேலை கிடைச்சுடுத்து. காலி பண்ணிண்டு போயிட்டா" என்றார் வேதாந்தம். குரலில் கோபம் எதுவும் இல்லை. "வீடு அவ பேர்ல கொடுத்தது. நீயும் சாவியை வச்சுட்டுப் போயிட்டே. இனிமே வருஷம் பூரா சேவார்த்திகளுக்கே விடலாம்னு இருக்கேன். உனக்கென்ன, அண்ணா இருக்கார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சாமி?"

"உன்னைக் கேக்கறதுக்கு என்ன இருக்கு? நீ அவளோட இருந்தவ, அவ்வளவுதானே."

ரத்தினவேல் தங்கையின் தோளைத் தொட்டு, "வா புள்ள, காட்டூருக்குப் போயிரலாம். உன் அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார்.

"அண்ணி சொல்ல மாட்டாங்கண்ணே. ஆனா இளவேனில் லீவுக்கு வந்தா யார் வீட்டுக்கு வருவா? மாமா வீட்டுக்கா, அம்மா வீட்டுக்கா?"

அவள் கொட்டகைக்குள் போனாள். விறகை ஒரு பக்கம் அடுக்கி, இடத்தைக் கூட்டி, பாயை விரித்தாள். "சாமான் எங்க இருக்கோ அங்கதான் நான் இருப்பேன். நீங்க பஸ்ஸைப் புடிங்க."

அவள் அழுவாள், இரண்டொரு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் போனார். வரவில்லை. வேதாந்தம் கொல்லைக் குழாயை அடைத்துவிட்டார். வீராயி விடிந்ததும் அம்மா மண்டபத்துக்கு நடந்து போய்க் காவிரியில் குளித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்திரை வீதி வழியாகத் திரும்பி வந்தாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாராவது கேட்டால், "குழாய்ல தண்ணி வரலீங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பிறகு வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போன ரத்தினவேல் கொட்டகை வாசலில் நின்று அந்த ஒழுங்கைப் பார்த்தார். பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தாள், போர்வையை மடித்திருந்தாள், மாட்டுக்குக் கட்டிய இடம் என்று சொல்ல முடியாது.

"சாமி வந்து சத்தம் போட்டாரா?" என்று கேட்டார்.

"அவருக்குச் சத்தம் போட வராதுண்ணே. வந்து நிப்பாரு, கனைப்பாரு, போயிருவாரு. மாமிதான் நேத்து கொட்டகை ஓரமா ஒரு சொம்பு மோர் வச்சுட்டுப் போனாங்க."

சலவைப் பிரிவில் அவளோடு வேலை செய்கிற அமலராணி ஒருத்தி உண்டு. பாலக்கரையில் குடியிருக்கும்போது அவளுக்கும் வீட்டுக்காரரோடு வம்பு வந்திருக்கிறது. "கோர்ட்டுக்குள்ளயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொம்பளைங்களுக்குக் காசே கிடையாது, வா" என்று அவள்தான் அழைத்துப் போனாள். ரத்தினவேலும் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். அங்கிருந்த வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுத்து எதுவும் இல்லையாம்மா?" என்றார்.

"இல்லீங்க."

"வீட்டுக்காரர் இஷ்டத்துக்குப் பூட்டு போட முடியாது. தண்ணியை நிறுத்தவும் முடியாது. எழுத்து இல்லேன்னாலும் முடியாது. ஆனா அவர், நீங்க குடித்தனக்காரரே இல்லேன்னு சொல்லுவார். வாடகை கொடுத்து இருந்தீங்கன்னு காட்டணும். கூட இருந்த பொண்ணு வந்து சொல்லுவாளா?"

மனுவில் வீராயி கைநாட்டு வைத்தாள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவதற்கு ஒரு நாள் குறித்தார்கள். வீராயி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று சுப்ரஜாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் ரத்தினவேலுக்கும் கேட்டது.

"நான் காலி பண்றேன்னுதான் சொன்னேன் அக்கா. நீங்களும் அண்ணாவாத்துக்குப் போயிடுவேள்னு மாமாவே நெனச்சுண்டுட்டார்."

"அதை இங்க வந்து சொல்றியாம்மா?"

"மாமா அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவர் அக்கா. அவர் எதிர்ல நின்னு எப்படி... அப்பா என்னைக் கொன்னே போட்டுடுவார்."

"சரிம்மா. சாப்பிட்டியா? சென்னைச் சாப்பாடு ஒத்துக்குதா?"

போனை வைத்ததும் ரத்தினவேல் பொரிந்தார். "இருந்த ஒரே சாட்சியும் போச்சு. அவளைப் போயி சாப்பிட்டியான்னு கேக்குற."

"அவ சாப்பிடாம வேலைக்குப் போற புள்ளண்ணே" என்றாள் வீராயி. "சாட்சி வேற, சோறு வேற."

பேச்சுவார்த்தைக்குக் குறித்த நாளில் வேதாந்தம் மேல் துண்டும் திருமண்ணுமாக வந்தார். வீடு ரங்கம்மாவின் பேரில் இருந்தது. அவளுடைய அப்பா கொடுத்தது. அதனால் அவளும் வரவேண்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீலம்மா. சுவரோரம் ரத்தினவேல்.

"வீடு கொடுத்தது சுப்ரஜாவுக்கு" என்று ஆரம்பித்தார் வேதாந்தம். "இவ அவளுக்குத் துணைக்கு இருந்தவ. இவ கையால எங்காத்துல ஒருத்தரும் ஒரு காசு வாங்கினதில்லே. பெருமாள் மேல ஆணையா சொல்றேன்."

வக்கீலம்மா வீராயியைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"சாமி சொல்றது நெசந்தாங்க."

எல்லாம் முடிந்தது என்று ரத்தினவேல் நினைத்தார். வீராயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல் தொடர்ந்தாள்.

"கையில வாங்க மாட்டாங்க. காலையில மாமி மடியா இருப்பாங்க. பெத்த புள்ள வந்தாக்கூட கையில வாங்க மாட்டாங்க, நான் ஆஸ்பத்திரித் துணி அள்ளுறவ. அதனால கொல்லையில துளசி மாடத்துப் படியில பணத்தை வச்சு, பறக்காம ஒரு கல்லு வைப்பேன். மாமி தண்ணி தெளிச்சு எடுத்துக்கிட்டு, 'வந்துடுத்துடி'ம்பாங்க. சுப்ரஜா பங்கு தனி. அது போன்லயே சாமிக்குப் போயிரும். என் பங்கு துளசி மாடந்தான். நாங்க குடி வந்த மாசத்துலேர்ந்து அப்படித்தாங்க."

வக்கீலம்மா ரங்கம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, இவங்க சொல்றது உண்மையா?"

"அதெல்லாம் ஆத்துல இருக்கறவளுக்கு என்ன தெரியும்" என்று வேதாந்தம் குறுக்கிட்டார்.

"நீங்க சித்த இருங்கோ." ரங்கம்மாவின் குரல் மெல்லியதாகத்தான் வந்தது. "எடுத்தது நான்தான். ஒரு மாசம் தவறினதில்லே. நோட்டு நனைஞ்சு போயிடும், கொடியில போட்டு உலர்த்தி எடுத்து வைப்பேன். இல்லேன்னு எப்படிச் சொல்றது? இங்கேர்ந்து திரும்பி ஆத்துக்குத்தானே போகணும். அந்தத் துளசிக்கு நாளைக்கும் நான்தானே ஜலம் விடணும்."

வேதாந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வாடகை வாங்கியிருக்கீங்க, அப்ப அவங்க குடித்தனக்காரங்கதான்" என்றார் வக்கீலம்மா. "திருவிழாவுக்குச் சாவியைக் கொடுத்தது காலி பண்ணினதா ஆகாது. காலி பண்ணணும்னா சட்டத்துல சொல்லியிருக்கிற காரணம் வேணும், உத்தரவு வேணும். அதுவரைக்கும் பூட்டைத் திறந்தாகணும், குழாயையும் திறந்தாகணும்."

"சட்டம் துளசி மாடம் வரைக்கும் வந்துடுத்தா" என்று வேதாந்தம் முணுமுணுத்தார். ரங்கம்மா சிரிப்பை முந்தானையால் மறைத்ததை ரத்தினவேல் பார்த்தார்.

அத்தோடு வீராயி எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "இன்னொண்ணுங்க" என்றாள். "ஏகாதசிக்கு வர்றவங்களை நான் தடுக்க மாட்டேன். வருஷா வருஷம் அறையை ஒழிச்சுத் தரேன். ஆனா அதையும் எழுத்துல போட்டுருங்க. எந்த நாள் தரேன், எந்த நாள் திரும்பி வரேன்னு. அந்த நாளுக்கு வாடகையும் கழிச்சுக்கணும். இந்தத் தடவை சுப்ரஜா பேர்ல வேணாம். என் பேர்ல."

ஜெயித்த கையோடு எதிராளிக்கு வேண்டியதையும் எடுத்துக் கொடுத்து, அதையே தனக்குக் காவலாகவும் ஆக்கிக்கொள்கிற ஒருவரை ரத்தினவேல் பட்டறையிலும் பார்த்ததில்லை, பஞ்சாயத்திலும் பார்த்ததில்லை. ஆடு மேய்த்த பெண் இதை எங்கே கற்றாள் என்று அவருக்கு விளங்கவில்லை. தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்தானா என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வேதாந்தம்கூட, "எழுதிக்கலாம்" என்றுதான் சொன்னார்.

அன்று சாயங்காலமே பூட்டைத் திறந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவுக்குக் கொடுப்பதற்குச் சில வாரங்கள் ஆயின.

கையெழுத்துப் போடும் நாளில் ரத்தினவேல் சாட்சியாகப் போனார். ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை ஓட்டி வாசித்துக் காட்டினார். கதவு எண், தெரு, திருவிழா நாட்கள், எல்லாம் சரியாக இருந்தன. ரங்கம்மா கையெழுத்துப் போட்டாள். ரத்தினவேல் மை டப்பாவின் மூடியைத் திறந்து தங்கையின் பக்கம் நகர்த்தினார்.

"அதை மூடுங்கண்ணே, காஞ்சுரும்" என்றாள் வீராயி. "பேனாவைக் குடுங்க."

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில் வார்டு அடையாளம் எழுதுகிற அழியாத மைப் பேனா அமலராணியிடம் இருந்தது. கோர்ட்டிலிருந்து வந்த மறுநாளே வீராயி அவளிடம் கிழிந்த விரிப்பு ஒன்றில் தன் பெயரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அதற்குக் கீழேயே எழுதி எழுதி அந்த விரிப்பு நிறைந்துவிட்டதாம். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

அவள் காகிதத்தின் மேல் குனிந்தாள். நாக்கு நுனி உதட்டோரம் வந்து நின்றது. வீ, ரா, யி. மூன்று எழுத்தும் ஒரே உயரம். அளவுகோல் வைத்தாலும் பிசகாது. ஒவ்வொரு பக்கத்திலும் அதே மாதிரி போட்டாள். கடைசிப் பக்கத்தில் தேதி போட வேண்டிய இடத்தை வக்கீலம்மா காட்டினார். அதை ரத்தினவேல் எழுதினார், மெதுவாக: 19 பிப்ரவரி 2025, புதன்கிழமை.