அத்தைக்குப் போன சீர்

அறுபதுகளின் நடுவில், செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த எங்கள் குடும்பத்தில் சம்பளம் வாங்கிய முதல் பெண் என் அத்தை. நைனாவின் ஒரே தங்கை. தினமும் காலையில் பஸ் ஏறிப்போய் அனந்தபுரத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வருவாள். குடம் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் நைனா அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது தெரிகிற வரைக்கும்.

அவள் அதை ஒளிக்கவில்லை. நைனாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். கூட வேலை பார்க்கும் வாத்தியாரைக் கட்டிக்கொள்ளப் போவதாகவும், அவருக்காக மதம் மாறவில்லை, மாறிய பிறகுதான் அவருக்குச் சம்மதம் சொன்னதாகவும் சொன்னாள். நைனா சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். இந்த வீட்டிலிருந்து யாரும் அந்தக் கல்யாணத்துக்குப் போகக்கூடாது என்றார். அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து இடத்தைத் துடைத்தாள். மறுவாரம் டிரங்குப் பெட்டியோடு இன்னொரு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று அம்மா தன் கூறைப்புடவையை எடுத்துக் கட்டினாள். எனக்குப் பட்டுப்பாவாடை. குறுக்குத்தெரு இருக்க, பஜார் வழியாகவே என்னை நடத்திக்கொண்டு போனாள். கடை வாசலில் நின்றாள்.

"நாங்க மாதா கோயிலுக்குப் போறோம். வர்றதா இருந்தா கடைய சாத்திட்டு வாங்க."

நைனா பழைய பித்தளையைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா பதிலுக்காக நிற்கவில்லை.

மாதா கோயில் வாசலில் மாப்பிள்ளை பக்கம் நல்ல கூட்டம். அத்தை தனியாக நின்றிருந்தாள். பெண்ணை உள்ளே அழைத்துப் போவது யார் என்று கோயில் உபதேசியார் கேட்டார்.

"நான் அவ அண்ணி. நான் கூட்டினு போறேன்" என்றாள் அம்மா. மற்றப் பெண்களைப் பார்த்து முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். அத்தை அப்போதுதான் அழுதாள்.

அங்கேயும் தாலிதான் கட்டினார்கள். அதில் சிலுவை இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசமா என்று எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வெளியே வந்தபோது புங்கமரத்தடியில் நைனா நின்றிருந்தார், தோளில் ஒரு புதுப் பித்தளைக் குடத்தோடு. அத்தை குனிவதற்குள் அதை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"அண்ணன் சீரு. ஊட்டுக்கு வந்து போயினு இரு."

சீராகப் போகும் எந்தக் குடத்துக்கும் நைனா தன் கையால் மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்காமல் அனுப்பியதில்லை. இந்தக் குடம் வெறுமையாக மின்னியது.

"நைனா, பொட்டு வெக்க மறந்துட்டியே" என்றேன்.

நைனா ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையை அழுத்தினாள். குடத்தின் கழுத்து மடிப்பில், விரல் நுழையாத இடத்தில் மட்டும் மஞ்சள் ஈரமாக ஒட்டியிருந்தது. நைனாவின் வேட்டி முனையும் மஞ்சளாக இருந்தது. வருகிற அவசரத்தில் எங்கேயோ கொட்டிக்கொண்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.