நன்றியுரை தீனதயாளன்

எங்கள் இலக்கியக் கழகத்தின் ஆண்டு மாநாட்டு அழைப்பிதழைப் பதினான்கு வருடங்களாக அச்சடித்துக் கொடுப்பவன் நான். பெயர் கங்காதரன். திருத்தணி தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. காசு வாங்குவதில்லை. நன்றியுரையில் என் பெயரைச் சொல்வார்கள். எனக்கும் இலக்கியத்துக்கும் அவ்வளவுதான் உறவு.

அழைப்பிதழில் எது மாறினாலும் கடைசி வரி மாறாது. ‘நன்றியுரை: திரு. தீனதயாளன்.’ திருத்தணி - திருப்பதி பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். “கண்டக்டராச்சே, ஒருத்தரையும் விட மாட்டாரு” என்று முதல் வருடம் யாரோ சொல்லப்போக, அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. ஒரே ஒரு தடவை, தயிர்சாதம் கொடுத்தவர் பெயரை விட்டுவிட்டார். அந்த ஆள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு, நாலு உறுப்பினர்களையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து தீனதயாளன் கைதிதான். காலையில் மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் கடைசிவரை இறங்க முடியாது. “என் பேர சேத்துகினீங்களா?” என்று கீழேயிருந்து சீட்டு மேல் சீட்டாக வரும். எழுதிக்கொள்வார். எழுதிக்கொண்டே பதினான்கு வருடம் போனது.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு நோட்டோடு கடைக்கு வந்தார். எட்டுப் பக்கக் கட்டுரை, டைப் செய்ய வேண்டும் என்றார். ஆந்திர எல்லையில் பொன்பாடி செக்போஸ்ட் தாண்டினால் பஸ்ஸுக்குள் பேச்சு எப்படி மாறும், நகரிக்காரர் எப்படி டிக்கெட் கேட்பார், புத்தூர்க்காரர் எப்படிச் சில்லறைக்குச் சண்டை போடுவார் என்று ஆறு பக்கம். சிரித்துக்கொண்டே அடித்தேன். ஏழாம் பக்கத்தில் அவர் மனைவி அன்னம்மாள் வந்தார். என் விரல் நின்றுவிட்டது.

“இத வூட்லயே சொல்லலாமே, அண்ணே?”

“முப்பத்தொரு வருசமா வாய் வர்ல கங்காதரா. மேடையில கட்டுரையா படிச்சிட்டா அவ காதுல வுழுந்துடும். நான் கூட்டிகினு வரேன், நீ நேரம் மட்டும் வாங்கிக் குடு.”

கழகச் செயலாளர் பாலசுப்பிரமணியனிடம் சண்டை போட்டுப் பத்து நிமிடம் வாங்கினேன். பதினொன்றரை மணிக்கு. அழைப்பிதழில் முதல் தடவையாக தீனதயாளன் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. அச்சடித்து முடித்ததும் நானே இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.

மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில். சாயங்காலம் ரிசப்ஷன் இருப்பதால் நாலு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அன்னம்மாள் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டிவலிக்காரர், செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் விட்டிருந்தார்.

“எப்ப தம்பி இவுரு பேசுவாரு?”

“பதினொன்றரைக்கும்மா.”

பதினொன்றரைக்கு இரண்டாவது வாழ்த்துரையே முடியவில்லை. ‘முடிவாக’ என்று நாலு தரம் சொன்ன மனிதர் முடிக்கவே இல்லை. பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஜூமில் வந்தார். “கேக்குதா? நான் பேசறது கேக்குதா?” என்றே கால் மணி நேரம் பேசினார். அடச்சே! சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பொன்னாடை. முப்பத்தெட்டுப் பேருக்குப் பொன்னாடை! மேடையில் தீனதயாளன் மடித்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். சீட்டு வந்தால் வாங்குவார். இல்லையென்றால் கடைசி வரிசையைப் பார்ப்பார்.

மூன்றரைக்கு அன்னம்மாள் எழுந்தார். “இனிமே எங்க பேசப் போறாரு? கால் வீங்கிகினு வருது, நான் பஸ் புடிக்கறேன்.”

“கால் மணி நேரம் இருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மேடையில் தீனதயாளன் பாதி எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

பந்தல்காரர்கள் பின்னாலிருந்து நாற்காலிகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். செயலாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தீனதயாளனிடம் குனிந்தார். பொத்தியும் பயனில்லை, எல்லாருக்கும் கேட்டது.

“ஐயா, கட்டுரைய அடுத்த வருசம் வச்சிக்கலாம். நன்றிய மட்டும் சொல்லி முடிச்சிடுங்க.”

தீனதயாளன் எழுந்து மைக்குக்கு வந்தார். சட்டைப் பையில் நன்றிப் பட்டியல். ஒரு கையில் எட்டுப் பக்கம். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், பஸ்ஸில் தலை எண்ணுகிற மாதிரி.

“எல்லாரு பேரும் எங்கிட்ட பத்திரமா இருக்குது. ஒருத்தரும் எழுந்துக்காதீங்க” என்றார். கட்டுரையைப் பிரித்தார்.

செயலாளர் கையை ஆட்டினார். யார் கேட்டது? தங்கள் பெயர் வராமல் ஒருவரும் கிளம்பவில்லை. இனிப்பு கொடுத்தவர், மைக்செட் கொடுத்தவர், தண்ணீர் கேன் போட்டவர் அத்தனை பேரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நானும்தான். மண்டபம் சிரித்தது, ஆறு பக்கம் வரை. பிறகு குரல் இறங்கியது.

“செக்போஸ்ட் தாண்டினால், முன்பின் தெரியாத ஜனங்களிடம் நான் தெலுங்கில்தான் பேசினேன். என் மனைவி புத்தூரில் பிறந்தவள். எங்கள் பையன் ஒன்பது வயதில் காய்ச்சலில் போனான். அவனை மடியில் போட்டுக்கொண்டு, அப்பனே என்பது போல ‘நைனா, நைனா’ என்று தன் பாஷையில் அழுதாள். என் அண்ணன்மார் நின்றிருந்தார்கள். ‘தெலுங்குல அழாத, எங்க ஜனம் பாக்குது’ என்றேன். அன்றிலிருந்து என் வீட்டில் அவள் தெலுங்கு பேசவில்லை. அழவும் இல்லை. வழியெல்லாம் எல்லோரையும் அவரவர் ஊரில் இறக்கிவிட்டேன். அவளை மட்டும் இறக்கிவிடவில்லை. நான் செய்தது தப்பு.”

தாள்களை மடித்தார். பையிலிருந்த பட்டியலை எடுக்கவே இல்லை. மேடையை விட்டு இறங்கினார். பின்னால் செயலாளர், “ஐயா, பேருங்க! பேருங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அன்னம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். தீனதயாளன் எதிரே வந்து நின்றார்.

“பதா, இன்ட்டிக்கி போதாம்” என்றார். வா, வீட்டுக்குப் போகலாம்.

அந்தம்மா அவர் முகத்தையே பார்த்தார். அடிக்கப் போகிறாரோ என்றுகூடப் பயந்தேன். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கீழே குனிந்து தேடினார்.

“நா செப்புலு ஏவி?” என் செருப்பு எங்கே?

பந்தல்காரர்கள் பக்கத்து நாற்காலிகளை இழுத்தபோது செருப்பையும் எங்கோ தள்ளிவிட்டிருந்தார்கள். தீனதயாளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். “செப்புலா? உன்னாயி, உன்னாயி”, இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டே நாற்காலி நாற்காலியாகத் தேடினார்.