ஜீப்பில் சீட்டாடும் பெண்

எங்கள் ஊரில் சீட்டு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். பஸ்சில் கண்டக்டர் கிழித்துத் தருவதும் சீட்டு, டாக்டர் கிறுக்கித் தருவதும் சீட்டு, அம்மா தெருப் பெண்களோடு சேர்ந்து மாதாமாதம் போடுவதும் சீட்டு. இத்தனை நல்ல சீட்டுகள் இருக்க, என் கல்யாணப் பேச்சில் வந்து உட்கார்ந்துகொண்டது மட்டும் கெட்ட சீட்டு.

நான் போடியில் குடியிருந்துகொண்டு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். காலையில் தோட்டத்து ஜீப்பு தெருமுனைக்கு வரும். காய் எடுக்கப் போகும் பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மடியில் தூக்குவாளி, என் மடியில் கேம். சென்னையில் வேலை பார்க்கும் தம்பி புதிது வாங்கியதும் பழையதை எனக்குத் தள்ளிவிட்டான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்குகிற சின்னப் பெட்டி. மலைப்பாதையில் போனில் சிக்னல் கிடைக்காது. இதற்குச் சிக்னலே வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்களுக்குத் தலை சுற்றும், எனக்குச் சுற்றாது. கடவுள் எனக்கென்று கொடுத்த ஒரே திறமை அதுதான். அதை வீணாக்க எனக்கு மனமில்லை.

விளையாட்டு இதுதான். முதலில் சின்னச் சின்னப் போட்டிகள் வரும். மீன் பிடிக்க வேண்டும், உடைந்த பாலத்தைக் கட்ட வேண்டும், மரத்தில் பழம் பறிக்க வேண்டும். ஜெயித்தால் ஒரு சீட்டு கிடைக்கும். அதில் முள்ளம்பன்றியோ காண்டாமிருகமோ இடி மேகமோ இருக்கும். சேர்த்த சீட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி எதிரியோடு சண்டை போட வேண்டும். எனக்குப் பிடித்தது தவளைச் சீட்டு. சண்டை முழுக்க வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். நாம் தோற்கப்போகிற நேரத்தில் ஒரே ஒருமுறை வாயைத் திறந்து எதிரியின் சீட்டை முழுங்கிவிடும். திறக்காமலும் போகலாம். நம்பி இறக்கினால் அது நம் பாடு.

நான் விளையாட ஆரம்பித்ததும் ஜீப்பில் இருக்கிற தலைகளெல்லாம் என் தோளுக்கு வந்துவிடும்.

"காண்டாமிருகத்த எறக்கு ஆத்தா, வெரசா!"

"அது எதுக்கு? தவக்களைய எறக்கிட்டுச் சும்மா இரு. அது பாத்துக்கிரும்."

சில நாள் அவர்களிடமே கொடுத்துவிடுவேன். பழம் பறிக்கும் போட்டியில் மட்டும் அவர்கள் தேறியதே இல்லை. அதில் பழம் மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் பறிக்க வேண்டும். ஏலக்காயைப் பச்சையாக இருக்கும்போதே எடுத்துப் பழகிய கை கேட்குமா? என் பக்கத்தில் உட்காரும் அக்கா, பச்சையைப் பார்த்தவுடன் பட்டனை அமுக்கிவிடுவார். "பழுக்க விட்டுட்டு எடுத்தா கங்காணி என்னைய வைவான்" என்பார். கேமுக்குள் கங்காணி இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை.

இப்படி இருக்கும்போது சிலமலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை நான் முன்பே ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருந்தேன். பக்கத்து இலை. வாயே திறக்காமல் சாப்பிட்டார். என் இலைக்கு மட்டும் அப்பளம் வராமல் போனதைக் கவனித்து, தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. படித்த பெண், சம்பாதிக்கிறவள், ஓர் அப்பளத்துக்கு விழுந்தாயா என்று யாராவது கேட்டால், ஆமாம், விழுந்தேன். ஜீப்பில் இதைச் சொன்னதும் பெண்கள் அவருக்குத் தவக்களை என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் இரகசியமாக விசாரிப்பார்கள். இரகசியம் என்றால், பெண்ணைத் தவிர ஊருக்கே தெரியும் என்று அர்த்தம். அவர்கள் எங்கள் ஜீப்பு டிரைவரைப் பிடித்தார்கள். அவர் நல்ல மனிதர். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

"தங்கமான பிள்ளைண்ணே. சோலில ஒரு கொற சொல்ல முடியாது. சீட்டுலன்னா அத அடிச்சுக்க ஆளே கெடையாது. ஏறுறப்ப எடுத்தா எறங்குற வரைக்கும் சீட்டுதேன். பொம்பளைகளெல்லாம் சுத்தி உக்காந்து பாப்பாக."

இது சிலமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நான் ஜீப்புக்குள் சீட்டாட்டக் கிளப் நடத்துகிறவளாக ஆகியிருந்தேன்.

அப்போதும் ஒரு வழி இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு, என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டார். "மதினி, ஒங்க வீட்டுல சீட்டுப் பழக்கம் உண்டாமே?"

அம்மாவுக்கு ஒரே பெருமை. "ஆமா மதினி, நானே ரொம்ப வருசமாப் போடுறேன். பிள்ளையையும் சேத்துவிட்டுருக்கேன். ஒரு எடம் காலியா இருக்கு, நீங்களும் சேந்துக்கிறீகளா?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

பிறகு உறவுக்காரர்கள் நடுவில் புகுந்து, சீட்டு வேறு, சீட்டு வேறு என்று விளக்கிச் சொன்னார்கள். விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. கடைசியில், நேரில் வந்து அந்தச் சாமானைப் பார்த்துவிடுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க வருவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சாமான் பார்க்க வந்தது எங்கள் வீட்டுக்குத்தான்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் வந்தார்கள். தாய்மாமனை ஏன் கூட்டி வந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய சாயங்காலங்களெல்லாம் மனமகிழ் மன்றத்தில் ரம்மி மேசையில்தான் கழியும். சீட்டு விவகாரத்தை விசாரிக்கச் சீட்டு தெரிந்தவர் வேண்டுமல்லவா?

அவர் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் புத்தி சொன்னார். "பொம்பளப் பிள்ள இப்பிடிப் பட்டன அமுக்கிக்கிட்டுத் திரியலாமாத்தா? குடும்பத்துக்கு ஆகுமா?"

அவர் ஏலக்காய் வியாபாரி. ஏல மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து ஆளுக்கு ஒரு நொடி முன்னதாகப் பட்டனை அமுக்கி, ஏலத்தை ஏலம் எடுப்பதுதான் அவர் தொழில். அவர் அமுக்கினால் வியாபாரம், நான் அமுக்கினால் குடும்பத்துக்கு ஆகாது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை எதிரில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கேமை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஜோக்கர் எது?"

"ஜோக்கர் கெடையாதுங்க."

"ஜோக்கர் இல்லாம என்ன சீட்டு!" என்று சொல்லிவிட்டு ஆட ஆரம்பித்தார். முதல் சண்டையில் தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். ஆறிப்போன காப்பியை அம்மா இரண்டுமுறை மாற்றி வைத்தாள். கல்யாணப் பேச்சு நின்றது. "அந்த முள்ளம்பன்னி என்னைய ஏமாத்திருச்சு, இன்னொரு தடவ" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. தன் தம்பியை ஒன்றும் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "வெவரம் தெரிஞ்ச மனுசனையே இது இப்பிடிப் பிடிச்சு வைக்குதே, நாளைக்கு வீட்டுல அடுப்பு எரியுமா? கல்யாணத்துக்கு அப்புறம் இது ஆகாதுத்தா. இப்பவே சொல்லிட்டேன்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அப்பளம் கொடுத்த ஆள். ஒரு வார்த்தை பேசினால் போதும். இது வெறும் விளையாட்டுதானேம்மா என்று ஒரே ஒரு வார்த்தை. கேமை விட்டுவிடுவதுகூட எனக்குப் பெரிய காரியமில்லை. எனக்காக அவர் வாயைத் திறப்பாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவர் எழுந்தார். "மாமா, போதும், கொண்டாங்க" என்று தாய்மாமன் கையிலிருந்து கேமை வாங்கினார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. சிரித்துக்கொண்டே கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய், அதைத் தன் அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. அப்படியே அவருடைய அம்மா பக்கம் திருப்பினேன்.

"அத்தை, அது என் சாமான். கொண்டாங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். பை திறந்தது. மாலை மயங்குவதற்குள் அவர்கள் சிலமலை பஸ்சில் ஏறிவிட்டார்கள். தாய்மாமன் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அந்தச் சாமான் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார். அம்மா என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொன்னதற்கு ஊரில் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: பெண் சீட்டாடும்.

மறுநாள் ஜீப்பில் ஏறியதும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். பக்கத்து அக்காதான் கேட்டார்.

"தவக்களை வாயத் தொறந்துச்சா ஆத்தா?"

"தொறக்கலக்கா."

  அக்கா என் மடியிலிருந்த கேமை எடுத்துக்கொண்டு, நான் அழுவதற்குத் தோளைக் கொடுத்தார். போடிமெட்டு வருவதற்குள் நான் அழுது முடித்துவிட்டேன். அவர்கள் வழக்கம்போலப் பச்சையாகவே பறித்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.