ரோமர் அரங்கும் ஒரு தேர் உபயமும்

லண்டனில் தங்கையைப் பார்த்துவிட்டுத் திருச்சி திரும்பும் வழியில், போன அக்டோபரில் பாரிசில் நான்கு நாள் தங்கினேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அறை எடுத்ததற்கு ஒரே காரணம் காலையில் இட்லி கிடைக்கும் என்பதுதான். அந்த இட்லியைப் பரிமாறிய மலர், "அக்கா, நாளைக்கு ரோமர் காலத்துப் பாரிசைத் தமிழிலை சுத்திக் காட்டப்போறன். காசில்லை, வாறீங்களோ?" என்று கேட்டாள்.

மலர் வன்னியிலிருந்து வந்தவள். உணவகத்தில் வேலை செய்துகொண்டே வழிகாட்டிப் பயிற்சி முடித்திருக்கிறாள். மறுநாள் நடப்பது வெள்ளோட்டம். பயண முகவர் சிவநேசன் அண்ணையும் வருகிறார். அவருக்குப் பிடித்தால் லண்டன், கனடா விருந்தாளிகளை அவளிடம் அனுப்புவார். பிடிக்காவிட்டால் அவளுக்கு மறுபடியும் முழுநேர இட்லிதான்.

லா ஷப்பலில் இரண்டாம் எண் மெட்ரோ ஏறி, அடுத்த நிறுத்தமான ஸ்தாலின்கிராதில் ஏழாம் எண்ணுக்கு மாறி, பிளாஸ் மோன்ஜில் இறங்கினோம். டிக்கெட் இரண்டரை யூரோ. அங்கிருந்து ஐந்து நிமிட நடை. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, ஒரு வாசலுக்குள் நுழைந்தால் இரண்டாயிரம் வருடப் பழைய வட்டரங்கு. நுழைவுக் கட்டணம் இல்லை. வீரர்கள் சண்டை போட்ட மண்ணில் இப்போது பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிறார்கள்.

லண்டனிலிருந்து வந்திருந்த தமிழர்கள் நான்கு பேர், அண்ணை, நான். எல்லோரும் கல்படியில் உட்கார்ந்தோம். மலர் தாளைப் பார்த்து ஆரம்பித்தாள். செனட்டை மூதவை என்றாள். நகரப் பணி ஆணையர் என்றாள். இல்லுறை தெய்வங்கள் என்றாள். அகராதியைப் புரட்டிப் புரட்டி எடுத்த சொற்கள், ஒன்றிலும் தப்பில்லை. ஆனால் ஒருவர் கொட்டாவி விட்டார், அண்ணை போனை எடுத்துவிட்டார். மலரின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணை கேட்டார்: "பிள்ளை, இவ்வளவு விளையாட்டுக்கும் ஆரின்ரை காசு?"

"பதவிக்கு வாறவர் தன்ரை காசிலை செய்யவேணும் அண்ணை. பிறகு அவரின்ரை பேரைக் கல்லிலை வெட்டுவினம்."

போன் சட்டைப்பைக்குள் போனது. "அப்ப உபயம் எண்டு சொல்லுமன்."

லண்டன்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "எங்க ஊர் கோயில்ல டியூப் லைட்லயே பேர் எழுதிடுவாங்க. வெளிச்சமே வராது" என்றேன் நான்.

மலர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு பேசியது வேறு மலர். "அந்த ஆணையர் ஆரெண்டால், ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலிலை தேருக்குப் பொறுப்பா நிக்கிறவர் மாதிரி. தெரு துப்பரவா இருக்கவேணும், சந்தை ஒழுங்கா நடக்கவேணும், திருவிழாவும் குறையில்லாமல் முடியவேணும். வீட்டுச் சாமிக்கு அவையளும் சாப்பாடு படைச்சவை. எங்கடை சாமித்தட்டுத்தான்."

"உபயகாரருக்குள்ளை சண்டை வரேல்லையோ?" என்றார் அண்ணை.

"வராமல்? முதல் ஆள் சிங்கம் விட்டால், அடுத்த ஆள் ரெண்டு சிங்கம் விடவேணும்."

அண்ணை தலையை ஆட்டிய ஆட்டலில் சொந்த அனுபவம் தெரிந்தது. விசாரித்தேன். அந்த வருடத் தேர்த் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவருடையதாம். பக்கத்துக் கடைக்காரர் அடுத்த நாளே இரண்டு கூட்டம் மேளம் பிடித்துவிட்டாராம்.

திரும்பும்போது மெட்ரோ படிக்கட்டில் அவர் மலரிடம் சொன்னார்: "வாற சனிக்கிழமை பன்னிரண்டு பேர் அனுப்புறன். ஆனா ஒண்டு. துவங்கேக்குள்ளை இது என்ரை உபயம் எண்டு சொல்லவேணும்."

"ஓம் அண்ணை" என்றாள் மலர். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மழை நாளைத் தவிருங்கள், கல்படி வழுக்கும். ரோமர் காலக் குளியல் மண்டபம் இருக்கும் குளூனி அருங்காட்சியகத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம், திங்களன்று மட்டும் விடுமுறை. தண்ணீர் கொண்டுபோங்கள். மலரோடு போவதென்றால் லா ஷப்பல் மெட்ரோ வாசலில் நில்லுங்கள். ரோமாபுரிக்கு முன்னால் ஒரு பெயரைச் சொல்லித் தொடங்குவாள். அவர் அநேகமாகப் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், பலமாகக் கைதட்டிவிடுங்கள்.