ஆடாத கழுத்து

மாமா தன் சாக்ஸபோனின் கழுத்தை வளைத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் போட்ட அன்று எனக்கு வந்த கோபம், இத்தனை வருஷம் ஆகியும் முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். உப்பளம் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் காரைக்காலில் வேலை. மாதத்தில் ஓரிரு முறைதான் வருவார். ஆகவே வீட்டில் நியாயம் கேட்கும் பொறுப்பு என்னுடையது என்று நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

சாக்ஸபோன் உண்மையில் அம்மாவின் அப்பாவுடையது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அங்கே பாண்டில் வாசிக்கக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பும்போது அதையும் பெட்டியோடு கொண்டுவந்தாராம். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பிறகு அது மாமாவிடம் போயிற்று. மாமா கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கிறவர், அவரிடம் போனதுதான் முறை என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மாவுக்குத் தையல் மிஷின் வந்தது. அம்மா தைக்க மாட்டாள்.

மாமா நன்றாக வாசிப்பார். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் வாத்தியத்தை அவர் வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது வேறு கதை. கனகசெட்டிக்குளத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் கூப்பிட்டார்கள் என்றதும், கழற்றிப் பெட்டியில் வைக்காமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் அப்படியே சாய்த்துவிட்டு பிரியாணி சாப்பிடப் போய்விட்டார். வந்து பார்த்தால் நாற்காலி ஒரு பக்கம், சாக்ஸபோன் ஒரு பக்கம். விழுந்த வேகத்தில் கழுத்து கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதோடு விட்டாரா? யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று கழுத்தைக் கழற்றி, தன் முட்டியில் வைத்து நிமிர்த்தப் பார்த்திருக்கிறார். முட்டியில் வைத்து ஒடிக்க அதென்ன அடுப்புக்குச் சுள்ளியா? இதை அவரே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்.

சாக்ஸபோனின் கழுத்து தனியாகக் கழன்று வரும் சின்ன வளைகுழாய். ஒரு முனை உடலுக்குள் இறங்கும். மறுமுனையில் தக்கை சுற்றியிருக்கும். அதன்மேல்தான் மவுத்பீஸைச் செருகுவார்கள். ஊதுகிற மூச்செல்லாம் முதலில் அதன் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். மாமா கொண்டுவந்த கழுத்தில் வளைவின் அடிப்பக்கம் நசுங்கிச் சுருக்கம் விழுந்திருந்தது. உடலில் இறங்கும் முனையோ இறுக்கம் விட்டுப்போய் லொடலொடவென்று ஆடியது.

"மெட்ராஸ்ல கேட்டேன். புது நெக் வாங்கிப் போட்டுக்கன்றான். இந்தப் பழசுக்குப் புதுசு சேராதும்மா. நீ பல்லு செய்றவதான, கொஞ்சம் இன்னான்னு பாரேன்," என்றார் மாமா.

அம்மா நெல்லித்தோப்பில், பல் கட்டும் மருத்துவர்களுக்கு உலோகப் பல் செய்து கொடுக்கும் ஒரு லேபில் வேலை பார்த்தாள். அச்சு பார்த்து மெழுகில் செய்து, வார்த்து, அரம் போட்டு, கடைசியில் வாயில் உறுத்தாதபடி வழவழப்பாக்கும் வேலை. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவாள்.

அண்ணனை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுவே பொறுக்கவில்லை. கழுத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். திருப்பி மறுபக்கமாகவும் பார்த்தாள்.

"சீக்கிரமா ஆவாதுண்ணா. வச்சிட்டுப் போ."

"சரி, நெக்க மட்டும் வச்சிக்கோ. மீதிய எடுத்துனு போறேன்."

"எல்லாம் இருக்கட்டும். சேருதா இல்லையான்னு பூட்டிப் பாக்க வேணாமா?"

மாமா பெட்டியோடு விட்டுவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து யாரோ நண்பரிடம் இரவல் வாங்கிய சாக்ஸபோனில் கல்யாணங்களுக்குப் போய் வந்தார்.

அம்மா வேலையை ஆரம்பித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் பல நாள் ஒன்றுமே செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தெரு முனையில் இருந்த லேத் பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்த இரும்புக் கம்பி ஒன்றைக் கடைந்து வாங்கினாள். லாரி பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டுகளையும் அளவு பார்த்துப் பொறுக்கிக்கொண்டாள். கம்பியைக் கழுத்துக்குள் விட்டு, தொடையில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்து மெல்ல அழுத்துவாள். அழுத்திவிட்டு எடுத்துப் பார்ப்பாள். மறுபடியும் அழுத்துவாள். அழுத்தும்போதெல்லாம் வாய்க்குள், "தூஸ்மான், தூஸ்மான்" என்று முணுமுணுப்பாள். மெதுவாக என்பதற்குத் தாத்தா சொல்லிவந்த பிரெஞ்சு வார்த்தை அது. பழைய பித்தளை, அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று எனக்குச் சொன்னாள்.

நசுங்கிய இடத்துக்கு உள்ளிருந்து ஒரு குண்டை நெருக்கி வைத்துக்கொண்டு, வெளியே, லேபில் உலோகப் பல்லைத் தேய்க்கும் மழமழப்பான எஃகுக் கருவியால் நீவிக்கொண்டே இருப்பாள். சுருக்கம் கொஞ்சம் இறங்கியதும் அதைவிடச் சற்றுப் பெரிய குண்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து உட்கார்ந்தால் சோறு வடிக்கும்வரை அதுதான். விரல் நுனியில் தோல் கன்றிக் கொப்புளம் வந்துவிட்டது. அந்தக் கொப்புளத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மாமாவின் பிரியாணி ஞாபகம் வந்தது.

ஆடுகிற முனையைச் சரிசெய்ததுதான் எல்லாவற்றிலும் நுணுக்கம். உள்ளே ஓர் உருளையைக் கொடுத்து உருட்டி உருட்டி அதை விரியவைத்தாள். அதிகம் விரிந்துவிட்டால் உடலுக்குள் இறங்காது. புதுப் பல் எங்கே இடிக்கிறது என்று பார்க்க லேபில் ஒரு நீலத் தாள் வைத்திருப்பார்கள். கடித்தால் இடிக்கிற இடத்தில் மட்டும் மை ஒட்டும். அதை முனையில் சுற்றி உடலுக்குள் இறக்கித் திருப்பி எடுப்பாள். நீலம் ஒட்டின இடத்தைத் துளியூண்டு தேய்ப்பாள். மறுபடி சுற்றுவாள். முனை முழுக்க ஒரே சீராக நீலம் பதிகிறவரை விடவில்லை.

இப்படி அவள் பாடுபட்டுக்கொண்டிருக்க, மாமா வாரம் தவறாமல் வந்து நின்றார்.

"இன்னாம்மா, ஆச்சா?"

"இன்னும் ஆவல."

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். தக்கை ஒட்டியாச்சு, காயணும் என்பாள். கழுத்தின்மேல், மேல் சுரத்துக்கென்று துளையை மூடித் திறக்கும் சாவி சரியாக மூடவில்லை என்பாள். மாமா பெருமூச்சு விடுவார், காபி குடிப்பார், போவார். காபியை நான்தான் போட வேண்டும். ஒருமுறை வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தேன். அவர் அதையும் கவனிக்காமல் குடித்துவிட்டுப் போனது என் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் மாமா பைக்கோடு நின்றார். வீட்டுக்குத்தான் போறேன், ஏறு என்றார். நடந்து வருகிற நேரத்தைவிட வெகு சீக்கிரம் வீடு வந்துவிட்டோம். பைக் சத்தம் கேட்டிருக்கும், இருந்தும் அம்மா கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமானது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திறந்தாள். சாக்ஸபோன் கட்டிலில், கழுத்தும் மவுத்பீஸும் பூட்டியபடி கிடந்தது.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பூட்டிட்டியா? அப்பறம் இன்னா, எடுத்துனு போறேன்."

"இல்லண்ணா. காத்து கசியுது. இன்னும் ஆவல."

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவருக்கும் பொறுமை போய்விட்டது. "எத்தினி நாளுக்கும்மா இரவல் வாங்கி வாசிக்கிறது? அவன் நேத்து மூஞ்சிய காட்டிட்டான். பல்லு செய்ற கைக்கு இந்த வேலையெல்லாம் வராதுன்னு எங்க செட்ல எல்லாம் சொல்றாங்க. நாந்தான் உன்கிட்ட குடுத்தன். முடியலன்னா முடியலன்னு சொல்லிடு."

அம்மா சொல்ல வேண்டிய பதிலை நான் சொன்னேன்.

"முட்டில வச்சி வளைச்சது யாரு மாமா? எங்கம்மாவா? நீங்க சாப்புடப் போனீங்க, அதான கீழ விழுந்துச்சு? எங்கம்மா கையப் பாருங்க. நீங்களே பாருங்க. லேபுக்கும் போயிட்டு, வந்து இதையும் பாக்கறாங்க. ஒரு தாங்க்ஸ் சொன்னீங்களா? தினம் தினம் இதே வேலையா இருக்காங்க, வந்து வந்து ஆச்சா ஆச்சான்னா? அவ்ளோ அவசரம்னா நீங்களே முட்டில வச்சி சரி பண்ணிக்குங்க."

பேசி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவர்களிடம் அப்படிப் பேசினால் அம்மா சும்மா விட மாட்டாள். அன்று, "ஏய், போதும்" என்று மட்டும் சொன்னாள். அதிலும் சத்தமே இல்லை.

மாமா எழுந்து சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். எங்கே கசிகிறது என்று தானே பார்க்கப் போகிறவர்போல, வாயில் வைத்தார். ஊதவில்லை. வைத்த வாயை எடுத்துவிட்டார். மவுத்பீஸின் அடியில் நாணலில் சீவிய மெல்லிய ரீடு இருக்கும். அது வாயில் ஊறினால்தான் அதிர்ந்து சத்தம் கொடுக்கும். சும்மா கிடந்தால் காய்ந்து வறண்டுபோகும். மாமா அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். விரலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

மாமா சாக்ஸபோனைக் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கட்டிலில் திரும்பக் கிடத்தினார். அவர் அப்படி அதைக் கையாண்டு நான் பார்த்ததே இல்லை.

"இன்னும் ஒரு வாரம் ஆவுமா?"

"ஆவும்ணா."

"சரி. மெதுவாவே பாரு."

படியிறங்கிப் போய்விட்டார். காபிகூடக் கேட்கவில்லை. என் பேச்சில் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். மறுநாள் வகுப்பில் இந்த வெற்றியைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். ரீடு எப்படி ஈரமாக இருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகுதான், கீழ்வீட்டு அக்கா பேச்சுவாக்கில் சொன்னார். மதியத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அம்மா மாடியில் வாசித்துக்கொண்டிருப்பாளாம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். தாத்தா பிள்ளைகள் இரண்டு பேருக்குமே கற்றுக்கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பு கோயிலில் அம்மாதான் வாசிப்பாள் என்பதெல்லாம் அதன் பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவளை யாரும் வாசிக்காதே என்று தடுக்கவில்லை. சாக்ஸபோன் மாமா வீட்டில் இருந்தது, அம்மா எங்கள் வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். கழுத்து என்னவோ நீலத் தாள் சீராகப் பதிந்த அன்றே சரியாகிவிட்டிருந்தது. தக்கை, சாவி, காற்றுக் கசிவு எல்லாம் அம்மா வைத்த சாக்கு. நான் பொய்க்கு வக்கீலாக நின்று அழுதிருக்கிறேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை. நன்றாக இருந்தவரை அது மாமாவுடையது, வளைந்து நசுங்கிய பிறகுதான் அம்மா கைக்கு வந்தது என்பதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சண்டைக்கு ஒரு வாரம் கழித்து மாமா வந்து எடுத்துப் போனார். மாதா கோயில் தேரின்போது அதில் வாசித்தார். சத்தம் சுத்தமாக, கொஞ்சமும் பிசிறில்லாமல் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்று கேட்டாள். பழுது பார்த்தது யார் என்று அவர் யாரிடமாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மாமாமேல் இருந்த கோபக் கணக்கில் அதையும் கூட்டிக்கொண்டேன்.

சில மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு சாயங்காலம் மாமா மறுபடியும் பெட்டியோடு வந்தார்.

"நெக் மறுபடி ஆடுதும்மா. கொஞ்சம் பாரேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை அதற்குள் கெடுத்துக்கொண்டு வந்துவிட்டாரே. அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கித் திறந்து, கழுத்தை உடலில் இறக்கிப் பூட்டி, பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இம்மி அசையவில்லை. கழுத்தை இறுக்கும் திருகாணியைத் தளர்த்திவிட்டும் ஆட்டிப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை.

"ஆடவே இல்ல மாமா. கல்லு மாதிரி இருக்குது. நீங்களே பாருங்க."

மாமா பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் என் கையிலிருந்து சாக்ஸபோனை வாங்கினாள்.

"ஆடுதும்மா. உனக்குத் தெரியாது," என்றாள். பிறகு மாமாவிடம், "வச்சிட்டுப் போண்ணா. பாத்து வைக்கறேன்."

அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டு என்னைப் பொய்யாக்கிவிட்டாள் என்று எனக்கு அம்மாமேலேயே கோபம் வந்தது. அன்று ராத்திரி முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் காலை டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அன்று லேபுக்கு லீவு போட்டிருந்தாள். ஏன் என்று கேட்கவும் என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, நான் திருப்பத்தில் மறைவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, கை அசைக்காமல் போனேன்.